திறப்பு யார் கையில்?
(வாடகை வீட்டு வாசலின் வரலாறு பற்றிய சில குறிப்புகள்)

1986ஆம் ஆண்டு கொழும்பில், மருதானைப் பக்கத்து ஒழுங்கையொன்றில், ஒரு போடிங்கில் தங்கியிருந்தேன். ஐந்து அறைகள், ஒன்பது பேர், ஒரு கிணறு, ஒரு கழிவறை, ஓர் இரும்புக் கேட். நான் அச்சகமொன்றில் ஒப்புநோக்குநராக இருந்தேன். ஏனையோரில் இருவர் துணிக்கடைச் சிப்பந்திகள், ஒருவர் ஆசிரியப் பயிற்சிக்கு வந்தவர், மற்றவர்கள் வேலை தேடிக்கொண்டிருந்தவர்கள். அறை பார்க்கப் போன முதல் நாளே வீட்டுக்காரர் தெளிவாகச் சொல்லிவிட்டார்:

"தம்பி, பத்து மணிக்குக் கேட்டப் பூட்டிருவன். திறப்பு ஒண்டுதான் ஈக்குது. அது என்ட கையிலதான் ஈக்கும்."

நல்ல மனிதர். பெருநாளைக்கு எங்கள் எல்லோருக்கும் சாப்பாடு தருவார். வாடகை பிந்தினால் முகம் சுளிக்கமாட்டார். ஆனால் திறப்பை மட்டும் தரமாட்டார். அச்சகத்தில் வேலை பிந்திய இரவுகளில் ஒழுங்கை முனையிலிருந்த தேநீர்க் கடைப் படியில் சுபஹு வரை உட்கார்ந்திருந்தது இன்னும் நினைவிருக்கிறது.

ஓர் இரவு அவர் கலியாணமொன்றுக்காகப் பேருவளைக்குப் போனார். கேட்டைப் பூட்டித் திறப்பையும் மடியில் கட்டிக்கொண்டு போய்விட்டார். நடுச்சாமத்தில் எங்களில் ஒருவருக்கு இழுப்பு வந்துவிட்டது. மூச்சு வாங்க முடியாமல் துடித்தவரை நான்கு பேராகத் தூக்கி, கண்ணாடித் துண்டுகள் பதித்த மதிலின் மேல் சாக்குகளைப் போட்டு, அந்தப் பக்கம் இறக்கி, முச்சக்கர வண்டி பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவர் பிழைத்துக்கொண்டார். என் இடது உள்ளங்கையில் அந்த மதிலின் தழும்பு இன்றும் உண்டு.

வாடகைக்கு இருப்பவனுக்கு வாசல் திறப்பைக் கொடுப்பது வீட்டுக்காரரின் உபகாரமா, கடமையா? அன்று முதல் என்னை விடாத கேள்வி இது. பிற்காலத்தில் கிடைத்த நூல்களைப் புரட்டியபோது, உலகின் பெரிய நகரங்கள் பலவும் இதே கேள்வியோடு மல்லுக்கட்டியிருப்பதைக் கண்டேன். அவற்றுள் சிலவற்றை இங்கு பகிர்ந்துகொள்கிறேன்.

சொல்லும் பொருளும்

முதலில் சொல்லைப் பார்ப்போம். தமிழகத்தார் 'சாவி' என்பது போர்த்துக்கேய மொழியின் 'ஷாவ்' என்ற சொல்லின் வழி வந்தது. போர்த்துக்கேயர் ஒன்றரை நூற்றாண்டு காலம் கரையோரத்தை ஆண்ட இலங்கையிலோ நாம் இன்னும் பெரும்பாலும் 'திறப்பு' என்றே சொல்கிறோம். இந்தச் சொல் பொருளின் வேலையையே பெயராகக் கொண்டிருக்கிறது. திறக்காத திறப்பு திறப்பல்ல. பூட்டுவதற்கு மட்டும் ஒருவர் அதை வைத்திருந்தால் அதற்கு வேறு பெயர்தான் தேட வேண்டும்.

சட்டத்திலும் திறப்புக்குப் பழைய இடமொன்று உண்டு. உரோமச் சட்ட அறிஞர் பப்பினியன் ஒரு விதியைச் சொல்கிறார். களஞ்சியத்தின் அருகில் வைத்து அதன் திறப்பைக் கையளித்தால், உள்ளே இருக்கும் சரக்கின் உடைமையும் கையளிக்கப்பட்டதாகக் கொள்ளப்படும். மூட்டை மூட்டையாகத் தூக்கிக் கொடுக்க வேண்டியதில்லை. திறப்பு கைமாறினால் ஆட்சியும் கைமாறும். இவ்விதி கி.பி. 533இல் யுஸ்தினியான் பேரரசர் வெளியிட்ட 'டைஜெஸ்ட்' என்ற தொகுப்பில் இடம்பெற்றுள்ளது. அத்தொகுப்பை அடித்தளமாகக் கொண்ட உரோம-டச்சுச் சட்டமே ஒல்லாந்தர் வழியாக நம் நாட்டுக்கு வந்து, இன்றும் எமது பொதுச் சட்டமாக இருந்து வருகிறது. வீட்டை வாடகைக்கு விட்டவரின் முதற் கடமை அதன் உடைமையைக் குடியிருப்பவரிடம் ஒப்படைப்பதாகும். குடியிருக்கும் காலத்தில் அவரது அனுபவிப்பைக் குழப்பாதிருப்பது இன்னொரு கடமை. இவ்விரண்டும் அச்சட்டத்தின் பாலபாடங்கள்.

உரோமாபுரியில் ஏழைகள் 'இன்சுலா' எனப்பட்ட பல மாடி வாடகை வீடுகளில் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தனர். வாடகை நிலுவையானால் வீட்டுக்காரர் வந்து குடியிருப்பவரின் பொருட்களை உள்ளே வைத்துப் பூட்டிவிடுவது அங்கு வழக்கம். அதற்கு மாற்றாக உரோம நீதியதிகாரிகள் ஒரு கட்டளையை உருவாக்கினர். வாடகையைச் செலுத்தி முடித்தவர் தன் பொருட்களுடன் வெளியேறுவதை எவரும் பலாத்காரமாகத் தடுக்கக் கூடாது என்பதே அதன் சாரம். கிராமத்துக் குத்தகைக்காரருக்காக அன்றி, நகரத்து வாடகைக்காரருக்காகவே இக்கட்டளை எழுந்தது என்பது கவனிக்கத்தக்கது. பூட்டை வைத்து மிரட்டும் பழக்கம் நகரத்தோடு கூடப் பிறந்தது போலும்.

வியன்னாவின் பூட்டுக்காசு

என் போடிங் வாழ்க்கையை அப்படியே ஒரு தலைநகரத்தின் அளவுக்குப் பெருப்பித்துப் பார்த்தால், அதுதான் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வியன்னா.

ஒஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் நாலாபக்கங்களிலிருந்தும் தொழில் தேடி வந்தோரால் வியன்னா வீங்கியது. 1910ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் அதன் சனத்தொகை 20 இலட்சத்தைத் தாண்டியிருந்தது. 'வாடகைப் பாசறை' என்று மக்கள் பெயரிட்ட மாடி வீடுகளில் ஒரு தளத்துக்கு ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு சில கழிவறைகள். குழாயடிக்கு அவர்கள் வைத்த பெயர் 'பஸேனா'. குழாயடிச் சண்டையும் குழாயடிக் கதையும் கொழும்புத் தோட்டங்களுக்கு மட்டும் உரியவையல்ல. அறையொன்றை எடுக்கவும் வசதியில்லாதோர் ஒரு குடும்பத்தின் வீட்டில் கட்டிலை மாத்திரம் சில மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுத்தனர். இரவு வேலைக்காரர் எழுந்து போன கட்டிலில் பகல் வேலைக்காரர் வந்து படுப்பார். இவர்களைக் 'கட்டிலுக்கு வருவோர்' என்றே அழைத்தனர்.

இத்தகைய வீடுகளின் தெருவாசல் இரவு பத்து மணிக்குப் பூட்டப்படும். திறப்பு 'ஹவுஸ்மைஸ்டர்' எனப்படும் வீட்டுக் காவலரிடம் இருக்கும். குடியிருப்போருக்குத் திறப்புக் கிடையாது. பத்து மணிக்குப் பின் வருபவர் மணியை அடிக்க வேண்டும். காவலர் நித்திரையிலிருந்து எழுந்து, போர்வையைச் சுற்றிக்கொண்டு, முணுமுணுத்தபடி வந்து திறப்பார். அவரது கையில் ஒரு நாணயத்தை வைக்க வேண்டும். அந்த நாணயத்துக்கு 'ஸ்பெர்ஸெக்ஸெர்ல்' என்று பெயர். தமிழில் 'பூட்டுக்காசு' எனலாம். மாதா மாதம் வாடகை கட்டும் ஒருவர், தன் வீட்டுக்குள் நுழைய ஒவ்வோர் இரவும் மீண்டும் ஒருமுறை கட்டணம் செலுத்தினார்.

இதற்காகக் காவலரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. அவர் பெரும்பாலும் அதே வீட்டின் நிலக்கீழ் அறையில் இலவசமாகக் குடியிருந்த ஏழை. வீட்டுச் சொந்தக்காரர் கொடுத்த சொற்பச் சம்பளத்துக்குப் பூட்டுக்காசே ஈடு செய்தது. அதாவது, தான் கொடுக்க வேண்டிய கூலியைச் சொந்தக்காரர் குடியிருப்போரின் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். இரு ஏழைகள் நள்ளிரவில் வாசலில் நின்று ஒருவரையொருவர் வைதுகொண்டார்கள். இலாபமடைந்தவர் வேறெங்கோ நிம்மதியாக உறங்கிக்கொண்டிருந்தார்.

காசை விடப் பெரிய இழப்பு வேறொன்று. யார் எத்தனை மணிக்கு வந்தார், யாரோடு வந்தார், எந்த நிலையில் வந்தார் என்பதெல்லாம் காவலருக்குத் தெரியும். பொலிஸார் விசாரிக்க வந்தால் முதலில் கதவைத் தட்டுவது அவரிடம்தான். கூட்டத்துக்குப் போய்வரும் தொழிலாளியும், இரவில் மருத்துவிச்சியை அழைக்க ஓடும் கணவனும் அந்தக் கண்ணைக் கடந்தே போக வேண்டியிருந்தது. திறப்பு இல்லாதவனுக்கு இரகசியமும் இல்லை.

முதலாம் உலகப் போர் இந்நிலையை அசைத்தது. போர்முனையிலிருக்கும் படைவீரனின் குடும்பத்தை வாடகைக்காகத் தெருவில் விடமுடியாது என்பதை உணர்ந்த அரசு, 1917இல் வாடகைக் குடியிருப்போரைப் பாதுகாக்கும் கட்டளையைக் கொண்டுவந்தது. பேரரசு சிதறிக் குடியரசு உருவான பின், 1922 டிசம்பரில் வாடகைச் சட்டமும், வீட்டுக் காவலர்களின் வேலை நிபந்தனைகளை ஒழுங்குபடுத்தும் சட்டமும் நிறைவேறின. அந்த ஆண்டிலேயே வியன்னாவின் வாடகைக்காரர் தமது தெருவாசலுக்கான திறப்பைத் தம் கையில் வைத்திருக்கும் உரிமையைப் பெற்றனர். பணவீக்கத்தில் நாணயத்தாள் குப்பையாகிக்கொண்டிருந்த அந்த வருடத்தில், ஓர் இரும்புத் துண்டு எவ்வளவு பெரிய சொத்தாகத் தோன்றியிருக்கும்!

ஆனால் வரலாறு அங்கு முடியவில்லை. 1938 மார்ச்சில் நாஸி ஜேர்மனி ஒஸ்திரியாவை விழுங்கியபோது, யூதக் குடியிருப்பாளர்களுக்கு வாடகைச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லாமற் போயிற்று. பல்லாயிரம் வீடுகள் பறிக்கப்பட்டன. வீடிழந்தோர் லியோபோல்ட்ஷ்டாட் போன்ற பகுதிகளில், ஒரே வீட்டில் பல குடும்பங்களாக அடைக்கப்பட்டு, பின்னர் அங்கிருந்தே மரண முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். சில வீட்டுக் காவலர்கள் காட்டிக்கொடுத்தனர். வெறும் 16 ஆண்டுகளுக்கு முன் சட்டம் கையில் வைத்த திறப்பை இன்னொரு சட்டம் பறித்துக்கொண்டது. திறப்பைக் கொடுக்கும் கடமை வீட்டுக்காரருடையது. அதை வைத்திருக்கும் உரிமையைக் காப்பது அரசின் கடமை. ஒன்றில்லாமல் மற்றொன்று நிலைக்காது என்பதை வியன்னா நமக்குச் சொல்கிறது.

பேர்லினின் இரட்டைத் தலைத் திறப்பு

பேர்லின் நகரம் வேறொரு வழியைக் கண்டது. அங்கும் ஒன்றன் பின் ஒன்றாக முற்றங்களைக் கொண்ட வாடகைப் பாசறைகள் இருந்தன. 1870களில் கட்டப்பட்ட 'மேயர்ஸ் ஹோஃப்' என்ற கட்டடத் தொகுதியில் ஒரு காலத்தில் சுமார் 2,000 பேர் வசித்தனர். இவ்வளவு பேருக்கும் திறப்பைக் கொடுத்தால், யாராவது ஒருவர் பூட்ட மறந்துவிடுவார். கொடுக்காவிட்டால் இரவெல்லாம் மணியடிக்கும் சத்தம்.

1912ஆம் ஆண்டளவில் அங்கு ஒரு புதுமையான திறப்பு விற்பனைக்கு வந்தது. அதற்கு இரண்டு முனையிலும் பல் உண்டு. பிடி இல்லை. இரவில் வீடு திரும்புபவர் அதைப் பூட்டில் இட்டுத் திருப்பினால் கதவு திறக்கும். ஆனால் திறப்பை வெளியே இழுக்க முடியாது. பூட்டுத் துவாரத்தினூடாக மறுபக்கம் தள்ளிவிட்டு, உள்ளே போய், கதவைச் சாத்தி, உட்புறமிருந்து பூட்டினால்தான் அது கையில் வரும். மறதிக்காரனையும் பூட்டவைக்கும் சூழ்ச்சி இது. பகல் வேளையில் காவலர் தன்னிடமுள்ள விசேட திறப்பினால் பூட்டின் செயற்பாட்டையே மாற்றிவைப்பார். பிரெஞ்சுச் சமூகவியலாளர் புருனோ லத்தூர் இத்திறப்பைப் பற்றி 1990களில் எழுதிய கட்டுரை ஆய்வுலகில் பிரசித்தமானது. ஓர் இரும்புத் துண்டு எவ்வாறு மனிதருக்கிடையிலான ஒழுங்கைத் தாங்கி நிற்கிறது என்பதை அவர் அதில் ஆராய்ந்தார்.

வியன்னாக்காரர் சட்டத்தால் தீர்த்ததைப் பேர்லின்காரர் பூட்டுத் தொழிலாளியின் பட்டறையில் தீர்க்க முயன்றனர். எனினும் அந்தத் திறப்பிலும் ஒரு நிபந்தனை ஒளிந்திருந்தது. 'உன்னை நம்புகிறேன், ஆனால் முழுதாக அல்ல' என்பதே அது.

இலண்டனில் திறப்பே வாக்கானது

மிக விசித்திரமான கதை இலண்டனுடையது. அங்கு வாசல் திறப்பு பாராளுமன்றம் வரை போயிற்று.

1867ஆம் ஆண்டுச் சட்டம் நகர்ப்புறங்களில் தனிவீட்டுக் குடியிருப்பாளரான ஆண்களுக்கு வாக்குரிமை வழங்கியது. 1884இல் அது கிராமப்புறங்களுக்கும் விரிந்தது. இவர்களது பெயர்கள் வரி இடாப்பிலிருந்து வாக்காளர் இடாப்புக்குத் தாமாகவே வந்துவிடும். ஆனால் இன்னொருவர் வீட்டில் அறை எடுத்திருப்பவருக்கு அவ்வாறில்லை. அவரது அறை ஆண்டுக்கு 10 பவுண் பெறுமதியுடையதாக இருக்க வேண்டும். அத்தோடு ஒவ்வோர் ஆண்டும் அவரே புதிதாக விண்ணப்பிக்கவும் வேண்டும். இத்தகைய தடைகளால் 1918க்கு முன் பிரித்தானியாவின் வளர்ந்த ஆண்களில் சுமார் பத்தில் ஆறு பேருக்கே வாக்குரிமை இருந்தது.

அப்படியாயின், ஒரே வீட்டின் இரண்டு அறைகளில் வாழும் தொழிலாளி 'குடியிருப்பாளரா', வெறும் 'தங்கியிருப்பவரா'? 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், 'கெண்ட் எதிர் ஃபிட்டல்' என்ற வழக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றம் இக்கேள்வியை ஆராய்ந்தது. வீட்டுச் சொந்தக்காரர் அதே வீட்டில் வசிக்கிறார் என்பது மட்டும் போதாது, அந்த அறைகளின் மீது அவருக்குக் கட்டுப்பாடு இருக்கிறதா என்பதே முக்கியம் என்ற நிலைப்பாடு அதிலிருந்து உருவானது. கட்டுப்பாடு யாரிடம் என்று எப்படி அறிவது? தெருவாசல் திறப்பு அவர் கையில் இருக்கிறதா, நினைத்த நேரத்தில் யாரையும் கேளாமல் வந்துபோகிறாரா என்று பார்க்கலாம். இதனால் புதிதாக இடாப்பில் சேர்ந்தோரை 'வாசல் திறப்பு வாக்காளர்' என்று பத்திரிகைகள் அழைத்தன. கட்சி முகவர்கள் இடாப்புத் திருத்தும் மன்றுகளில் ஒவ்வொரு திறப்புக்காகவும் வாதாடினர். வீட்டுக்காரி திறப்பைக் கொடுத்தாளா இல்லையா என்பது ஒரு மனிதன் பிரஜையா இல்லையா என்பதைத் தீர்மானித்த காலம் அது!

1918ஆம் ஆண்டுச் சட்டம் 21 வயதுக்கு மேற்பட்ட ஆண்களுக்கு இத்தடைகளை நீக்கியது. பெண்களுக்கு 30 வயது என்ற வரம்போடு குடியிருப்புத் தகைமையும் வைத்தது. தளபாடம் போடப்பட்ட அறையில் வாடகைக்கிருந்த தனிப் பெண்ணுக்கு, அவர் தாதியாக இருந்தாலும் ஆசிரியையாக இருந்தாலும், அச்சட்டத்தின் கீழ் வாக்கில்லை. அவர் 1928 வரை காத்திருக்க நேர்ந்தது.

வாக்குரிமையோடு தொடர்பு அறுந்த பின்னும் திறப்புப் பற்றிய வழக்கு ஓயவில்லை. 1989இல் இலண்டன் மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் முன் 'அஸ்லான் எதிர் மர்ஃபி' என்ற வழக்கு வந்தது. வழக்குக்குரிய நிலக்கீழ் அறையின் அளவு 4 அடி 3 அங்குலத்துக்கு 12 அடி 6 அங்குலம். ஒப்பந்தப்படி தினமும் காலை 10.30 முதல் நண்பகல் வரை குடியிருப்பவருக்கு அந்த அறையில் உரிமை இல்லையாம். திறப்பும் தன்னிடமே இருக்கும் என்று சொந்தக்காரர் எழுதிவைத்திருந்தார். இவையெல்லாம் வாடகைச் சட்டத்தின் பாதுகாப்பைத் தட்டிக்கழிக்கப் போட்ட வேஷம் என்று நீதிமன்றம் கண்டது. திறப்பை யார் வைத்திருக்கிறார் என்பதைக் காட்டிலும், எதற்காக வைத்திருக்கிறார் என்பதே கேள்வி என்றும் அது விளக்கியது. திருத்த வேலைக்காகவோ ஆபத்து அவசரத்துக்காகவோ வீட்டுக்காரர் ஒரு பிரதியை வைத்திருக்கலாம். அது அமானிதம் போன்றது. அதனால் அவர் அறையின் எசமானராகிவிட மாட்டார்.

நம் வாசலுக்கு வந்தால்

இலண்டன் கதைக்கும் நமக்கும் நேரடித் தொடர்பொன்று உண்டு. 1920களில் இலங்கையில் வருமானம், சொத்து, எழுத்தறிவு ஆகியவற்றை அளந்தே வாக்கு வழங்கப்பட்டது. சனத்தொகையில் சுமார் 4 சதவீதத்தினருக்கே அது கிட்டியது. டொனமூர் ஆணைக்குழு அத்தகைமைகளை நீக்கச் சொன்னது. பெண்களுக்கு 30 வயது என்று அது விதந்துரைத்தாலும், இறுதியில் ஆண் பெண் இருபாலாருக்கும் 21 வயதே எல்லையாயிற்று. 1931 ஜூனில் அரசாங்க சபைக்கு நடந்த தேர்தலில், யார் வீட்டில் யார் திறப்போடு இருக்கிறார் என்று எவரும் கேட்கவில்லை. ஆங்கிலேயத் தொழிலாளி வாசல் திறப்பைக் காட்டி வாதாடிப் பெற்றதை, மருதானைச் சேரியில் வாழ்ந்தவர் திறப்பே இல்லாமல் பெற்றார்.

வாக்குக் கிடைத்தது. வாசல் திறப்போ இன்னும் முழுமையாகக் கிடைத்தபாடில்லை. நமது நகரங்களில் வாடகைக்கு இருப்பவர் வெளியே போன நேரம் பார்த்துப் பூட்டை மாற்றிவிடுவது யாரும் அறியாத சங்கதியல்ல. 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் 68ஆம் பிரிவுகள் இதற்கு ஒரு பரிகாரம் வைத்துள்ளன. சமாதானக் குலைவு ஏற்படக்கூடிய காணிப் பிணக்கொன்றில், தகவல் மன்றில் தாக்கல் செய்யப்படுவதற்கு முந்திய இரண்டு மாதங்களுக்குள் ஒருவர் பலாத்காரமாக வெளியேற்றப்பட்டிருந்தால், அவரை மீண்டும் உடைமையில் அமர்த்த நீதிமன்றம் உத்தரவிடலாம். காணி என்பதில் கட்டடமும் அடங்கும். யாருடைய உறுதி, யாருடைய சொத்து என்ற வழக்கைப் பிறகு பேசிக்கொள்ளலாம், முதலில் கதவைத் திற என்பதே இதன் தாற்பரியம். உரோம நீதியதிகாரி அன்று சொன்னதும் ஏறத்தாழ இதைத்தான்.

போடிங் அறையில் கிடப்பவர் எத்தனை பேருக்கு இது தெரியும்? தெரிந்தாலும், மாதாந்தம் கைக்கும் வாய்க்கும் போதாத ஒருவர் நீதிமன்றப் படியேறுவாரா? ஆகவே சட்டம் ஒருபுறமிருக்க, வீட்டுக்காரர்களின் மனச்சாட்சியோடும் பேச வேண்டியிருக்கிறது. ஒருவரிடம் வாடகை வாங்கினால், அவர் உள்ளே வரவும் வேண்டும், வெளியே போகவும் வேண்டும். நாம் எப்போதும் உள்ளே வருவதைப் பற்றியே யோசிக்கிறோம். கள்ளன் வருவான், அந்நியர் வருவார், நேரங்கெட்ட நேரத்தில் பொடியன்கள் வருவார்கள் என்று பயப்படுகிறோம். தீயும் நோயும் உள்ளேயிருந்தே வருபவை. இங்கிலாந்தில் பலர் கூடி வாழும் வாடகை வீடுகளுக்கான தீப்பாதுகாப்பு வழிகாட்டல்கள், வெளியேறும் கதவை உட்புறமிருந்து திறப்பே இல்லாமல் திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்கின்றன. அந்த ஒரு விதி எங்கள் மருதானைக் கேட்டில் இருந்திருந்தால், நாங்கள் மதிலேற வேண்டி வந்திராது.

மறுநாள் பேருவளையிலிருந்து திரும்பிய வீட்டுக்காரர், மதிலில் கிடந்த இரத்தம் தோய்ந்த சாக்கைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. அஸருக்குப் பிறகு வெளியே போய்விட்டு வந்தவர், எங்கள் அறைகளுக்கு ஒவ்வொன்றாக வந்து, புதிதாக வெட்டிய திறப்பொன்றை ஆளுக்கு ஒன்றாகத் தந்தார். அந்த மாத வாடகையில் திறப்புக்கென்று ஆளுக்குப் பன்னிரண்டு ரூபாய் கூட்டியிருந்தார். நாங்கள் சண்டை பிடிக்கவில்லை. வியன்னாக்காரர் ஒவ்வோர் இரவும் கொடுத்ததை நாங்கள் ஒரே தடவையில் கொடுத்து முடித்துவிட்டோம் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

ஒன்பது பேரிடம் திறப்பு இருந்த அந்தப் போடிங்கில், நான் இருந்தவரை, ஒரு களவும் நடக்கவில்லை. இரவு கடைசியாக வருபவர் கேட்டை இழுத்துப் பூட்டிவிட்டு, பூட்டியாயிற்றா என்று இன்னொரு தடவை ஆட்டியும் பார்ப்பார்.